எறும்புகளுக்குப் பெயரிட்ட மருத்துவர்

கம்பம் பள்ளத்தாக்கில் வயல்களும் தோப்புகளும் சூழ அமைந்த ஊர் காமயகவுண்டன்பட்டி. அத்தகைய ஊர்களில் வாழும் உழவர், கட்டெறும்பையும் முசுறையும் பிள்ளையார் எறும்பையும் பார்த்த அளவிலேயே பிரித்தறிவர். தமிழகமெங்கும் மக்கள் நாவில் வழங்கிய இவ்வறிவு நெடுங்காலம் நூலில் ஏறவில்லை. தென்னிந்திய எறும்புகளை ஆராய்ந்து அறிவியல் முறைப்படி பட்டியலிட்ட முன்னோடி தாமஸ் காவர்ஹில் ஜெர்டன் ஆவார்.

ஜெர்டன் 1811ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்றார். கிழக்கிந்திய நிறுவனத்தின் உதவி அறுவை மருத்துவராக 1836இல் சென்னைக்கு வந்தார். நெல்லூர், தலச்சேரி முதலிய இடங்களில் பணியாற்றினார். நோயாளிகளைக் கவனித்த நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் காடுமேடுகளில் உயிரினங்களைத் தேடினார். இந்திய ஓவியர்கள் வரைந்த படங்களுடன் இவர் வெளியிட்ட பறவை நூல் 1843 முதல் 1847 வரை சென்னையில் பகுதி பகுதியாக வெளிவந்தது.

பறவையை நோக்கிய கண்கள் தரையில் ஊரும் எறும்பையும் நோக்கின. 1851இல், தென்னிந்திய எறும்புகளின் பட்டியலைச் சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார். எறும்பின் நிறம், தாடை, இடைக்கணு ஆகியவற்றோடு அதன் நடத்தையையும் ஜெர்டன் குறித்தார். துள்ளிப் பாயும் எறும்புக்குச் ‘சால்டேட்டர்’ என்று பெயரிட்டார். இலத்தீன் மொழியில் அது குதிப்பதைக் குறிக்கும் சொல். அணிவகுத்துச் செல்லும் எறும்புக்கு ஊர்வலத்தைக் குறிக்கும் ‘புரோசெஷனாலிஸ்’ என்னும் பெயரைச் சூட்டினார்.

ஒரு சிற்றினத்தை முதலில் விளக்குவோர் அதன் மாதிரியைப் பாதுகாத்து வைப்பது மரபு. ஐயம் எழும்போது பின்வருவோர் அதனோடு ஒப்பிட்டுத் தெளிவர். ஜெர்டன் விளக்கிய எறும்புகள் பலவற்றின் மாதிரிகள் இன்று கிடைக்கவில்லை. அவர் எழுதிய சொற்களே சான்றாக எஞ்சின. விளக்கம் சுருங்கிய இடங்களில் பின்வந்தோர் இடர்ப்பட்டனர். தெளிவாக எழுதப்பட்ட இடங்களில் அவர் சூட்டிய பெயர்கள் நிலைத்தன. பிங்காம் 1903இல் இந்திய எறும்புகளை இனங்காணும் பெருநூலை எழுதியபோது, ஜெர்டன் விளக்கிய சிற்றினங்களும் அதில் இடம்பெற்றன.

இந்தியப் பறவைகள் பற்றிய பெருநூலை 1862 முதல் 1864 வரை வெளியிட்ட ஜெர்டன், பின்னர் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பினார், 1872இல் மறைந்தார். அவர் பெயரிட்ட துள்ளும் எறும்பின் மரபணுத் தொகுதி 2010இல் வெளியிடப்பட்டது. அரசி இறந்தபின் வேலைக்கார எறும்புகளே முட்டையிடும் நிலைக்கு மாறும் இவ்வினம், முதுமையையும் மூளையையும் ஆராய்வோருக்கு இன்று துணைபுரிகிறது. மாதிரி அழிந்தாலும், கண்டதைக் கண்டவாறு எழுதிய சொல் அழிவதில்லை என்பதற்கு ஜெர்டனின் வாழ்வு சான்றாகும்.