ரயில் தொழிலாளர்களின் கிரி

கல்பாக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற வேண்டுமானால் செங்கல்பட்டுக்குப் போக வேண்டும். அங்கே தண்டவாளத்தைச் சரிபார்ப்பவர்கள், கொடி காட்டுபவர்கள், பெட்டிகளை இணைப்பவர்கள் என்று பலர் வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். இப்படிப்பட்ட தொழிலாளர்களுக்காகப் போராடிய ஒருவர், பின்னாளில் நமது நாட்டின் குடியரசுத் தலைவரானார். அவர்தான் வி.வி.கிரி.

வராககிரி வெங்கட கிரி 1894 ஆகஸ்ட் 10-ல் பெர்ஹாம்பூரில் பிறந்தார். இப்போது ஒடிசாவில் இருக்கும் அந்த ஊர் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. 1913-ல் சட்டம் படிக்க அயர்லாந்து சென்றார். அங்கும் ஆங்கிலேயர் ஆட்சிதான்! விடுதலைக்குப் போராடிய அயர்லாந்துக்காரர்களோடு பழகியதால், 1916-ல் அவரை நாட்டை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

ஊர் திரும்பிய கிரி, வங்காள நாகபுரி ரயில்வே தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தார். 1927-ல் காரக்பூர் பணிமனையில் ஆட்குறைப்பு வந்தது. வேலை போனால் குடும்பமே பட்டினி அல்லவா? தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வன்முறை கூடாது என்பதில் கிரி உறுதியாக இருந்தார். அகில இந்திய ரயில்வே தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

1937-ல் ராஜாஜியின் சென்னை மாகாண அமைச்சரவையில் தொழிலாளர் துறை அமைச்சரானார். விடுதலைக்குப் பிறகு மத்தியிலும் அதே துறை. வங்கி ஊழியர் சம்பளப் பிரச்னையில் அரசின் முடிவு பிடிக்காமல், 1954-ல் பதவியைத் தூக்கி எறிந்தார்!

1969 மே மாதம் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் திடீரென மறைந்தார். குடியரசுத் துணைத் தலைவராக இருந்த கிரி பதவி விலகி, சுயேச்சையாகப் போட்டியிட்டார். எதிரே காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. வேடிக்கை என்னவென்றால், கிரியை நேசித்த ரயில் தொழிலாளர்களுக்கு இந்தத் தேர்தலில் ஓட்டே இல்லை! எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும்தான் வாக்களிக்க முடியும். அவர்களின் ஆதரவைத்தான் கிரி திரட்ட வேண்டியிருந்தது. மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று பிரதமர் இந்திரா காந்தி கூறியதால், காங்கிரசாரில் பலர் கிரி பக்கம் சாய்ந்தனர். தமிழகத்தில் தி.மு.க.வும் அவரை ஆதரித்தது.

முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. பின்தங்கிய வேட்பாளர்களுக்கு ஓட்டுப் போட்டவர்களின் இரண்டாவது விருப்பத்தையும் எண்ணினார்கள். கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427. சுயேச்சையாக நின்றே கிரி குடியரசுத் தலைவரானார். அந்தத் தேர்தலை எதிர்த்து வழக்கு வந்தபோது, பதவியில் இருக்கும்போதே உச்ச நீதிமன்றத்துக்கு நேரில் வந்து சாட்சி சொன்னார்.

1974 மே மாதம் நாடெங்கும் ரயில்கள் நின்றன. லட்சக்கணக்கான ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களை வழிநடத்தியது, கிரி உருவாக்க உதவிய அதே சம்மேளனம். அரசு ஆயிரக்கணக்கானவர்களைக் கைது செய்தது. மூன்று வாரங்களில் போராட்டம் முடிந்துபோனது. அப்போது குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தவர் கிரி! ஆனால், குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் அவரது பதவிக்காலம் முடிந்தது. மறு ஆண்டு பாரத ரத்னா விருது பெற்ற கிரி, 1980 ஜூன் 24 அன்று சென்னையில் காலமானார்.