மலாயா கணபதி: ஜப்பான் போரிலிருந்து தூக்குமேடை வரை... யார் இந்தத் தம்பிக்கோட்டைக்காரர்?

அதிராம்பட்டினத்திலிருந்து முத்துப்பேட்டை போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் ஊர் தம்பிக்கோட்டை. ‘மலாயா கணபதி’ என்று அறியப்பட்ட எஸ்.ஏ.கணபதியின் சொந்த ஊர் இதுதான். அவரை 1949, மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் பிரிட்டிஷ் அரசு தூக்கிலிட்டது. துப்பாக்கி வைத்திருந்தார் என்பதுதான் குற்றச்சாட்டு.

ஜப்பான் வந்தபோது...

சிறுவயதிலேயே கப்பலேறி சிங்கப்பூர் போனவர் கணபதி. 1941 டிசம்பர் 8-ல் மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பான் படை இறங்கியது. 70 நாட்களில், 1942 பிப்ரவரி 15-ல், அசைக்கவே முடியாது என்று நம்பப்பட்ட சிங்கப்பூர் கோட்டை விழுந்தது. வெள்ளைக்கார துரையும் தோற்பான் என்பதைத் தோட்டத் தொழிலாளி கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

ஆனால் ஜப்பான் விடுதலையைக் கொண்டுவரவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை சயாம் - பர்மா ரயில்பாதை வேலைக்கு அள்ளிக்கொண்டு போனது. காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டு, போர் முடிந்ததும் வெறும் காகிதமானது.

1943-ல் நேதாஜி சிங்கப்பூர் வந்ததும் இந்திய தேசிய ராணுவம் புத்துயிர் பெற்றது. தமிழர்கள் திரளாகச் சேர்ந்தார்கள். அதன் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் கணபதி பயிற்றுநராக இருந்தார்.

போருக்குப் பிறகு?

1945-ல் ஜப்பான் சரணடைந்தது; பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். போன பழைய பயம் மட்டும் திரும்பி வரவில்லை. அரிசிப் பஞ்சம், அரைவயிற்றுக் கூலி என்று தோட்டமெல்லாம் கொதித்தது. தமிழரும் சீனரும் ஒன்றாக நின்ற அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்துக்குக் கணபதி தலைவரானார். 1947-ல் அதில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். கம்யூனிஸ்ட் செல்வாக்கு மிகுந்த அமைப்பு என்பதால் அரசு அதை ஆபத்தாகவே பார்த்தது. 1948 ஜூனில் சம்மேளனத்தின் பதிவை ரத்து செய்தது. அதே மாதம் அவசரநிலை வந்தது. உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தாலே மரண தண்டனை கிடைக்கலாம் என்ற நிலை.

1949 மார்ச்சில், ரவாங் அருகே கைத்துப்பாக்கியுடனும் தோட்டாக்களுடனும் கணபதி பிடிபட்டார். யாரையும் சுட்டதாக வழக்கு இல்லை. ஆயுதத்தைக் கண்டெடுத்ததாகவும், போலீஸில் ஒப்படைக்கவே கொண்டுபோனதாகவும் அவர் தரப்பு வாதிட்டது. நேரு அரசு தலையிட்டும் தண்டனை குறையவில்லை. கைதான இரண்டே மாதங்களில் கதை முடிந்தது.

சாம்பசிவம் தப்பியது எப்படி?

ஏறக்குறைய அதே காலத்தில், ஆயுத வழக்கில் மரண தண்டனை பெற்ற இன்னொரு தமிழர் சாம்பசிவம். அவருடைய மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1950-ல் அந்தத் தண்டனை ரத்தானது. அவர் உயிர் பிழைத்தார். கணபதிக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.