பொருட்களுக்குப் பிறவி தந்த கிறிஸ்தன் நிகோர்

கணினி நிரல் எழுதப் பழகும் மாணவச் செல்வங்கள் 'வகுப்பு' ஒன்றை வரையறுத்ததும் அடுத்து எழுதக் கற்பது அதன் ஆக்கியையே. கன்ஸ்ட்ரக்டர் எனப்படும் இப்பகுதி, புதிய பொருளொன்று பிறக்கும் கணத்திலேயே அதற்குரிய தொடக்க மதிப்புகளை இட்டுவைக்கின்றது. வங்கிக் கணக்கு எனும் வகுப்பாயின், உரிமையாளர் பெயரும் தொடக்க இருப்பும் இன்றி எக்கணக்கும் பிறவாது காப்பது ஆக்கியின் கடமை. இவ்வெண்ணத்தின் வேர் நோர்வே மண்ணில் உள்ளது.

1926 ஆகஸ்ட் 27இல் ஒஸ்லோவில் பிறந்த கிறிஸ்தன் நிகோர் கணிதம் கற்றவர். 1948 முதல் அந்நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் பணிபுரிந்து, முதல் அணு உலைக்கான கணிப்புகளிலும் பங்குகொண்டார். காத்திருக்கும் மக்கள் வரிசை, சேவை வழங்கும் கருமபீடம் போன்றவற்றின் இயக்கத்தைக் கணினியில் நடத்திப் பார்க்க ஏற்றதொரு மொழி வேண்டுமென அவர் உணர்ந்தார். 1960இல் நோர்வே கணினி மையத்தில் சேர்ந்தபின், ஓலே யோகான் டால் என்பாருடன் இணைந்து சிமுலா மொழியைப் படைத்தார்.

இருவரும் கரும்பலகை முன் உரத்த குரலில் வாதிடுவது வழக்கம். 1967இல் அதைக் கண்ட புதிய ஊழியர் ஒருவர், சண்டை மூண்டதென அஞ்சித் தொலைபேசி இணைப்பாளரிடம் ஓடினாராம். காதுகொடுத்துக் கேட்ட இணைப்பாளரோ, அவர்கள் சிமுலா பற்றித்தான் பேசுகின்றனர், கலங்கவேண்டாம் என்று தேற்றினாராம்!

அவ்வாண்டு உருவான சிமுலா 67இல் வகுப்பு, பொருள், துணைவகுப்பு ஆகிய மூன்றும் இருந்தன. ஆக்கியெனத் தனியே ஒன்று இல்லை. புதிய பொருளை உண்டாக்குமாறு கட்டளையிட்டதும், கொடுத்த மதிப்புகள் அதனுள் சேர, வகுப்பின் உடற்பகுதியில் எழுதிய கட்டளைகள் தாமே இயங்கின. சிமுலாவைப் பயன்படுத்தியிருந்த பியார்னே ஸ்ட்ரவுஸ்ட்ரப், 1979இல் தொடங்கிப் பின்னர் சி பிளஸ் பிளஸ் எனப் பெயர்பெற்ற மொழியில் ஆக்கிக்குத் தனியிடம் அளித்தார்.

நிகோர் ஆய்வுகூடத்தோடு நின்றவரல்லர். கணினி வரவால் தொழிலாளர் தம் வேலையின் மீதான உரிமையை இழக்கலாகாது என்று கருதி, 1970களின் தொடக்கத்தில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் உழைத்தார். நிரலாளர் பலரும் மறந்துவிடும் பக்கம் இது. 1994 வாக்கெடுப்பில் நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர மறுத்தபோது, மறுப்பியக்கத்தின் தலைவராய் இருந்தவரும் அவரே.

2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது நண்பர் இருவருக்கும் ஒருங்கே கிட்டியது. 2002 ஜூன் 29இல் டால் மறைந்தார். ஆறே வாரங்களில், ஆகஸ்ட் 10இல், நிகோரும் மறைந்தார்.