கை அசைத்தால் இசை, வாய் திறந்தால் உளவு: யார் இந்த லியோன் தெரமின்?

கையில் கட்டிய வாட்ச் நாடித்துடிப்பை எண்ணுகிறது. உடம்பையே சிக்னலாக மாற்றும் இந்த யோசனை புதுசு இல்லை. 100 வருஷத்துக்கு முந்தையது. அது தரும் சந்தோஷம், பயம் இரண்டுமே ஒரே மனிதரின் வாழ்க்கையில் இருக்கின்றன. அவர்தான் ரஷ்ய விஞ்ஞானி லியோன் தெரமின்.

தொடாமலே இசை

1896-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். இயற்பியல் படித்தார், செல்லோவும் வாசிப்பார். 1920 வாக்கில், வாயுக்களின் தன்மையை அளக்க ஒரு மின்கருவி செய்தார். பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அதன் ஒலி மாறியது. மனித உடம்பு கொஞ்சம் மின்னூட்டத்தைத் தாங்கும் என்பதே காரணம். அதையே இசைக்கருவி ஆக்கினார். ஒரு ஆன்டெனா சுருதிக்கு, இன்னொன்று ஒலி அளவுக்கு. எதையும் தொடவே வேண்டாம்.

1922-ல் லெனினுக்கே வாசித்துக் காட்டினார். 1927-ல் அமெரிக்கா போனார். ஆர்.சி.ஏ. நிறுவனம் சுமார் 500 தெரமின்களைத் தயாரித்தது. நடனக் கலைஞரின் முழு உடல் அசைவையும் இசையாக்கும் 'டெர்ப்சிடோன்' மேடையையும் உருவாக்கினார்.

திடீர் மறைவு

1938-ல் சோவியத் ஒன்றியம் திரும்பினார். கடத்தப்பட்டாரா, கடன் தொல்லையால் தானே போனாரா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. 1939-ல் கைது, 8 ஆண்டு தண்டனை. கோலிமா முகாமுக்கு அனுப்பப்பட்டவர், பிறகு விஞ்ஞானிகளை அடைத்துவைத்து வேலை வாங்கும் சிறைக்கூடத்துக்கு மாற்றப்பட்டார். அமெரிக்க நண்பர்கள் பலர் அவர் செத்தேபோனதாக நினைத்தார்கள்.

கழுகுக்குள் ஒரு காது

1945 ஆகஸ்ட்டில் சோவியத் சிறுவர்கள், அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க முத்திரையைப் பரிசளித்தார்கள். மாஸ்கோவில் தூதரின் இல்லத்தில் அதை மாட்டிவைத்தார்கள். அதற்குள் இருந்தது தெரமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி.

அது எப்படி வேலை செய்தது? பேட்டரி இல்லை, வயர் இல்லை. சின்ன உலோக உருளை, அதன் முகப்பில் மெல்லிய தகடு, ஒரு ஆன்டெனா. அவ்வளவுதான். வெளியிலிருந்து ரேடியோ அலையை அனுப்புவார்கள். அறையில் யாராவது பேசினால் தகடு அதிரும். திரும்பும் அலையில் அந்தப் பேச்சும் சேர்ந்துவரும். அலை வராதபோது கருவி சும்மா கிடக்கும். அதனால் 1952 வரை சிக்கவில்லை. 1960-ல் ஐ.நா. பாதுகாப்பு சபையில் அமெரிக்கா அதை உலகத்துக்குக் காட்டியது.

ஜன்னல் கண்ணாடியின் அதிர்விலிருந்து பேச்சைப் பிடிக்கும் 'புரான்' முறையையும் அவர் உருவாக்கினார். 1947-ல் ஸ்டாலின் பரிசு கிடைத்தது.

இன்று என்ன தொடர்பு?

சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் வாசிக்கப்படுவதும் கிட்டத்தட்ட இதே வழியில்தான். அந்த ஸ்டிக்கரில் பேட்டரி கிடையாது. வெளியிலிருந்து வரும் அலைதான் அதைப் பேசவைக்கிறது. கார் வரிசையில் நிற்காமல் போக உதவுவதும் அதுதான், எந்த நேரத்தில் எங்கே கடந்தது என்று பதிவாக வழி செய்வதும் அதுதான்.

தெரமினின் இரண்டு கருவிகளிலும் ஒன்றே நடந்தது: மனிதர் அசைந்தார் அல்லது பேசினார், கருவி அதை உணர்ந்தது. மேடையில் வாசித்தவருக்கு அது தெரியும். தூதரின் அறையில் இருந்தவருக்குத் தெரியாது. வாட்ச் வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வியும் அதுவே: நம் உடம்பு சொல்வது யார் காதுக்குப் போகிறது?

1991-ல் மறுபடி அமெரிக்கா போன தெரமின், தன் கருவியால் புகழ்பெற்ற கிளாரா ராக்மோரைச் சந்தித்தார். 1993-ல் மாஸ்கோவில், 97 வயதில் காலமானார்.