கண்ணாடியில் குரலைக் கண்டவர்

பேச்சு, கேட்டல் அறிவியல் படிக்கிறேன் என்று சொன்னால், மேடைப் பேச்சுக் கற்றுக்கொள்கிறேன் என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் எங்கள் பாடங்களில் பாதி குரல்வளையையும் அதற்குள் இருக்கும் குரல் நாண்களையும் பற்றியவை. முதலாம் ஆண்டில் விரிவுரையாளர் ஒரு பெயரை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். மனுவேல் கார்சியா என்பது அந்தப் பெயர். பாடும்போது குரல் நாண்கள் எப்படி அசைகின்றன என்பதை முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்து எழுதியவர் அவர். மருத்துவர் அல்லர், பாட்டு வாத்தியார். அந்தச் செய்திதான் என்னை நூலகத்துக்கு அனுப்பியது.

கார்சியா 1805ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் ஸ்பெயின் நாட்டில் பிறந்தார். குடும்பமே பாட்டுக் குடும்பம். அப்பாவின் பெயரும் மனுவேல் கார்சியாதான். ரோசினியின் புகழ்பெற்ற இசை நாடகமான ‘செவில் நகரத்து நாவிதன்’ 1816இல் முதன்முதலாக மேடையேறியபோது அதன் காதல் நாயகன் வேடத்தில் பாடியவர் அவர். தங்கைகள் மரியா மாலிப்ரானும் பாலின் வியார்டோவும் பின்னாளில் ஐரோப்பாவையே மயக்கிய பாடகிகள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளை பாடாமல் இருக்க முடியுமா?

1825இல் அப்பா தம் குழுவுடன் நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார். இத்தாலிய இசை நாடகத்தை அந்த நகரத்துக்கு முதலில் கொண்டுபோனது இவர்கள்தான். 20 வயது மகனுக்கு நாவிதன் ஃபிகாரோவின் வேடம். குரல் இன்னும் முதிராத வயதில், ஓய்வில்லாத மேடை. ஒலிபெருக்கி இல்லாத காலம் என்பதை நினைத்துப் பாருங்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி தொண்டையிலிருந்தே எல்லாம் வர வேண்டும். குரல் தாங்கவில்லை. 25 வயதை ஒட்டி அவர் மேடையை விட்டே விலகினார்.

பாடகர் குடும்பத்தில் குரலை இழந்தவன் என்ன செய்வான்? 1830இல் பிரெஞ்சுப் படையோடு அல்ஜீரியாவுக்குப் போனார் கார்சியா. திரும்பி வந்த பிறகு பாரிசின் இராணுவ மருத்துவமனைகளில் வேலை பார்த்தார். அங்கேதான் குரல்வளையின் உடற்கூற்றைப் படித்தார். பிறகு பாட்டுச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். தம் குரல் ஏன் போனது என்ற கேள்வி அவரை அந்தப் படிப்புக்குத் தள்ளியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். 1840இல் மனிதக் குரலைப் பற்றிய ஆய்வுரை ஒன்றைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு அளித்தார். ஆனால் அதுவரை அவர் பார்த்த குரல்வளைகள் எல்லாம் இறந்தவர்களுடையவை. உயிரோடு பாடுகிற ஒருவரின் தொண்டைக்குள் நடப்பதைக் காதால் கேட்டுத்தான் ஊகிக்க முடிந்தது.

அந்தக் காது எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஜென்னி லிண்ட் சாட்சி. 1841இல் ஸ்வீடனிலிருந்து அவரைத் தேடி வந்த 20 வயதுப் பெண் அவர். ஊரில் ஏற்கெனவே பெயர் பெற்ற பாடகி. ஓயாமல் பாடிப் பாடிக் குரல் நைந்து போயிருந்தது. கார்சியா அவரைப் பாடச் சொல்லிக் கேட்டார். உன்னிடம் குரலே மிச்சமில்லை, சொல்லிக்கொடுத்துப் பயனில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். லிண்ட் அழுதார். ஆறு வாரம் ஒரு சுரம்கூடப் பாடக்கூடாது, பேச்சையும் முடிந்தவரை குறைக்க வேண்டும், அதன் பிறகு வா என்று அனுப்பினார் கார்சியா. லிண்ட் அப்படியே செய்துவிட்டுத் திரும்பி வந்தார். குரலில் உயிர் தெரிந்தது. அதன் பிறகுதான் பாடம் தொடங்கியது. மூச்சு விடுவதிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கற்றார் லிண்ட். ஏறக்குறைய பத்து மாதப் பயிற்சிக்குப் பின் ஊர் திரும்பியவர், சில ஆண்டுகளில் ஐரோப்பாவே கொண்டாடும் பாடகியானார்.

லிண்டின் குரல் நாண்களை அன்று யாரும் பார்க்கவில்லை, பார்க்கக் கருவியும் இல்லை. ஆனாலும் ஓய்வு முதலில், சரியான பழக்கம் அடுத்தது என்ற அந்த வரிசையை இன்றைய குரல் சிகிச்சையிலும் காண்கிறேன். ஆறு வார மௌனத்தை மட்டும் இன்று பொதுவாகச் சொல்வதில்லை. சில நாள் ஓய்வு, பிறகு பயிற்சி, அவ்வளவுதான்.

இதை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் அம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியை, முதலாம் ஆண்டு வகுப்பு. சென்ற ஆண்டு சளியோடு தொண்டை கட்டியது. சளிக் கிருமியால் குரல் நாண்கள் வீங்கினால் குரல் கரகரக்கும். அதைத்தான் குரல்வளை அழற்சி என்கிறோம். பெரும்பாலும் அது வைரஸ் வேலை என்பதால் ஆன்டிபயாட்டிக் தேவைப்படுவதில்லை. தண்ணீரும் ஓய்வும் போதும், ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும். அம்மா ஓய்வெடுக்கவில்லை. அதிமதுரத்தை மென்றுகொண்டே வகுப்புக்குப் போனார். சளி போன பிறகும் குரல் திரும்பவில்லை. மூன்று வாரம் தாண்டியதும் பிடிவாதம் பிடித்துக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

மருத்துவர் மெல்லிய குழாய் ஒன்றை மூக்கு வழியாக விட்டார். திரையில் அம்மாவின் குரல் நாண்கள் தெரிந்தன. வெள்ளையாக இரண்டு மடிப்புகள், நீளத்தில் விரல் நகம் அளவுதான். பெண்கள் பேசும்போது அவை நொடிக்குச் சுமார் 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு மணி நேரம் விடாமல் குரல் எழுப்பினால் 7 இலட்சம் முறைக்கு மேல். மோதி மோதி இரு பக்கமும் எதிரெதிரே சிறு முடிச்சுகள் வந்திருந்தன. கை காய்த்துப்போவது போன்ற நிலைதான். அறுவை சிகிச்சை வேண்டாம், குரல் பயிற்சி போதும் என்றார் மருத்துவர். அம்மா இப்போது வகுப்பில் சிறிய ஒலிபெருக்கி மாட்டிக்கொள்கிறார். அடிக்கடி தொண்டையைச் செருமும் பழக்கத்தை விட்டுவிட்டார். குரல் போனால் கிசுகிசுவென்று பேசலாம் என்று நம்புவோர் பலர். அழுத்திக் கிசுகிசுத்தால் தொண்டைக்குச் சிரமம் கூடத்தான் செய்யும். மெதுவாக, இயல்பான குரலில் பேசுவதே மேல்.

அம்மாவுக்கு ஐந்து நிமிடத்தில் கிடைத்த அந்தக் காட்சிக்காகக் கார்சியா 49 வயது வரை காத்திருந்தார். 1848இல் அவர் லண்டனுக்குக் குடிபெயர்ந்து அங்குள்ள ராயல் இசைக் கழகத்தில் ஆசிரியரானார். 1854 செப்டம்பரில் விடுமுறைக்குப் பாரிஸ் வந்திருந்தபோது, பலே ரோயால் தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தார். சன்னல் கண்ணாடிகளில் வெயில் பட்டுத் தெறித்தது. வெளிச்சத்தை ஒரு கண்ணாடியால் திருப்பித் தொண்டைக்குள் அனுப்பி, இன்னொரு கண்ணாடியில் உள்ளே இருப்பதைப் பார்த்தால் என்ன? உடனே மருத்துவக் கருவிகள் விற்கும் சாரியேர் கடைக்குப் போனார். நீண்ட கைப்பிடியுள்ள பல் மருத்துவக் கண்ணாடி ஒன்று விலை போகாமல் கிடந்தது. ஆறு பிராங்க் கொடுத்து வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் அதை வெந்நீரில் சூடாக்கித் துடைத்தார். மூச்சுக் காற்று பட்டு மங்காமல் இருக்கத்தான் அந்தச் சூடு. உள்நாக்கின் மேல் அதை வைத்து, கைக்கண்ணாடியால் வெயிலை அதன் மேல் திருப்பினார். நம்மில் பலருக்கு அந்த இடத்தில் எது பட்டாலும் குமட்டும். அவருடைய தொண்டை பொறுத்துக்கொண்டது. அகலத் திறந்திருந்த தம் குரல்வளையையும், அதற்குக் கீழே மூச்சுக்குழாயின் ஒரு பகுதியையும் அவர் கண்டார்.

மூச்சு இழுக்கும்போது நாண்கள் விலகுகின்றன, குரல் எழும்போது நெருங்கி அதிர்கின்றன என்பதைப் பார்த்து எழுதினார். 1855இல் அந்தக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. அவர் தேடியது பாட்டின் இரகசியத்தை மட்டுமே, நோயை அல்ல. மருத்துவ உலகம் முதலில் அதைக் கண்டுகொள்ளவுமில்லை. 1857இல் வியன்னா மருத்துவர் டுர்க் நோயாளிகளிடம் கண்ணாடியைச் சோதித்தார், குளிர்காலத்தில் வெயில் இல்லாமல் போகவே நிறுத்திவிட்டார். அதே கண்ணாடிகளைக் கடன் வாங்கிய செர்மாக் விளக்கொளியைப் பயன்படுத்தினார். யார் முந்தியவர் என்று அவர்கள் இருவரும் சண்டை போட்டதும், பாட்டு வாத்தியார் அமைதியாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்ததும் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. சில ஆண்டுகளில் தொண்டை மருத்துவம் தனித் துறையாகவே வளர்ந்தது. 1862இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகம் கார்சியாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது.

கண்ணால் பார்த்தாலும் நோயைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. 1887இல் ஜெர்மானிய இளவரசர் பிரெடரிக்குக்குக் குரல் கரகரத்தது, மாதங்கள் கடந்தும் சரியாகவில்லை. புற்றுநோய் என்று ஜெர்மானிய மருத்துவர்கள் ஐயப்பட்டார்கள். லண்டனிலிருந்து வந்த மெக்கன்ஸி, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே தொண்டையிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துக் கொடுத்தார். அதில் புற்றுநோய் தெரியவில்லை. அறுவை சிகிச்சை தள்ளிப்போனது. நோய் புற்றுநோய்தான். 1888இல் பேரரசர் ஆனபோது அவரால் பேச முடியவில்லை, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்திருந்தார்கள். செய்தி சொல்லத் தாளில் எழுதிக் காட்டினார். 99 நாள்தான் ஆண்டார். சளி இல்லாமல் வரும் கரகரப்போ மூன்று வாரத்தைத் தாண்டும் கரகரப்போ இருந்தால் நேரே நிபுணரிடம் போகச் சொல்வது இதற்காகத்தான். புகைபிடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எல்லாக் கரகரப்பும் புற்றுநோய் இல்லை, வயிற்று அமிலம் மேலே ஏறுவதாலும் குரல் கெடும். எது என்று தெரிய உள்ளே பார்த்தாக வேண்டும்.

கார்சியா 1895 வரை ராயல் இசைக் கழகத்தில் சொல்லிக்கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 90. 1905 மார்ச் 17 அன்று நூறாவது பிறந்தநாள். லண்டனில் தொண்டை மருத்துவர்கள் கூடி விழா எடுத்தார்கள். மன்னர் ஏழாம் எட்வர்ட் அவரை அரண்மனைக்கு அழைத்து விருது அளித்தார். புகழ்பெற்ற ஓவியர் சார்ஜண்ட் தீட்டிய அவரது உருவப்படம் பரிசாக வந்தது. ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் தங்கப் பதக்கம் அனுப்பினார். குரலிழந்து இறந்த பிரெடரிக்கின் மகன் அவர்.

அடுத்த ஆண்டு ஜூலை 1ஆம் நாள் கார்சியா லண்டனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 101.