மோதலில் உண்மை கண்ட மேதை

ஊசல் கடிகாரத்தை அமைத்தவர், சனிக்கோளைச் சூழ்ந்திருப்பது வளையம் என்று கண்டவர் என்றெல்லாம் கிறிஸ்டியன் ஹைகன்ஸை உலகம் போற்றுகிறது. இயற்பியல் வகுப்பில் இரு தள்ளுவண்டிகளை மோதவிட்டு உந்த அழிவின்மை விதியை நாம் கற்கும்போதும் அவரை நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இவர் 1629-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் ஹாலந்து நாட்டின் ஹேக் நகரில் பிறந்தார். தந்தையார் கான்ஸ்டன்டைன் சிறந்த கவிஞர். எட்டு வயதிலேயே தாயை இழந்த ஹைகன்ஸ், 16 வயது வரை வீட்டிலேயே கல்வி கற்றார். பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சட்டமும் கணிதமும் பயின்றார்.

பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் டெகார்ட் இவருடைய தந்தையாரின் நண்பர். ஹைகன்ஸின் கணிதத் திறமையை மெச்சியவர். 1644-இல் டெகார்ட் வெளியிட்ட நூலை, ஏறக்குறைய நம் வயதில் படித்த ஹைகன்ஸ், அதில் உள்ள அனைத்தும் உண்மை என்றே நம்பினார். பொருள்கள் மோதும் விதிகளும் அந்நூலில் இருந்தன. அசையாதிருக்கும் பெரிய பொருளை அதைவிடச் சிறிய பொருள் எவ்வளவு வேகமாக மோதினாலும் அசைக்க முடியாது என்பது அவற்றுள் ஒன்று.

1652-இல், தமது 23-ஆம் வயதில், இவ்விதிகள் தவறு என்று ஹைகன்ஸ் உணர்ந்தார். டெகார்ட்டை மறுக்க வேண்டாம் என்று அவருடைய ஆசிரியரே அறிவுரை கூறினார். மதிப்புக்குரிய பெரியவரா, கண்ட உண்மையா? ஹைகன்ஸ் உண்மையின் பக்கம் நின்றார்.

ஹாலந்தின் கால்வாய்ப் படகு அவருக்குக் கைகொடுத்தது. ஒரே சீராகச் செல்லும் படகில் ஒருவர் இரு சமமான குண்டுகளைச் சம வேகத்தில் எதிரெதிரே மோதவிடுகிறார் என்று கொள்வோம். அவை அதே வேகத்தில் திரும்புகின்றன. படகின் வேகமும் குண்டின் வேகமும் ஒன்றானால், கரையில் நிற்பவருக்கு ஒரு குண்டு அசையாதிருப்பதாகவும், மற்றது இருமடங்கு வேகத்தில் வந்து மோதுவதாகவும் தோன்றும். மோதியபின் வந்தது நின்றுவிடும், நின்றது ஓடும். இவ்வாறு ஆராய்ந்து, எவ்வளவு சிறிய பொருளும் எவ்வளவு பெரிய பொருளையும் மோதி அசைக்கும் என்று 1656-இல் நிறுவினார்.

டெகார்ட் வேகத்தைக் கணக்கிட்டார், திசையை விட்டுவிட்டார். 1 கிலோகிராம் நிறையுள்ள இரு வண்டிகள் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்து, மோதி ஒட்டிக்கொண்டால் இரண்டும் நின்றுவிடும். திசையை விட்டுக் கூட்டினால் முன்பு 4, பின்பு 0, கணக்கு இடிக்கும். ஒன்றைக் கூட்டல் 2 என்றும் மற்றதைக் கழித்தல் 2 என்றும் கொண்டால் முன்பும் 0, பின்பும் 0. மொத்த உந்தம் மாறவில்லை!

லண்டன் ராயல் கழகம் கேட்டதற்கிணங்க, 1669-இல் ஹைகன்ஸ் தம் முடிவுகளை அனுப்பினார். ரென் என்ற ஆங்கில அறிஞரும் தனியே அதே முடிவுகளைக் கண்டிருந்தார். ஹைகன்ஸ் 1695 ஜூலை 8-ஆம் நாள் ஹேக் நகரிலேயே மறைந்தார். மோதல் பற்றிய அவருடைய முழு நூல் 1703-இல்தான் அச்சேறியது.

பெரியோரை மதிப்பது நம் பண்பு. அவர் சொன்னதையும் சோதித்துப் பார்ப்பது அறிவியலின் பண்பு. இரண்டும் ஓர் உள்ளத்தில் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு ஹைகன்ஸின் வாழ்வே சான்று.