காஞ்சி நயினாப் பிள்ளை

கோயில்களாலும் பட்டு நெசவாலும் புகழ்பெற்றது காஞ்சிமாநகர். அந்நகருக்கு இசையாலும் ஏற்றம் தந்தவர் நயினாப் பிள்ளை ஆவார். சுப்பிரமணியம் என்பது அவர்தம் இயற்பெயர். 1889-ஆம் ஆண்டில் அவர் இசைக்குடியிற் பிறந்தார். அக்காலத்தில் சிறந்த பாடகியாக விளங்கிய தனகோடி அம்மாள் அவர்தம் அன்னையின் உடன்பிறந்தவர்.

வீடு முழுதும் இசை நிறைந்திருந்தும், இளமையில் அவருள்ளம் அதில் ஊன்றவில்லை. மற்பயிற்சியிலும் பட்டம் விடுவதிலும் பொழுது கழிந்தது. பின்னர் இசையின்பால் வேட்கை பிறந்தது. காலங்கடந்து தொடங்கினோமே என்று அவர் தளர்ந்தாரல்லர். இடையறாது உழைத்துத் தாள நுட்பங்களில் ஒப்பற்ற தேர்ச்சி பெற்றார்.

மேலைநாட்டில் நூறு பேர் வரை ஒருங்கே இசைக்கும் பெருங்குழுக்கள் உண்டு. அவற்றின் நடத்துநர் எக்கருவியையும் வாசிப்பதில்லை. கையிற் சிறு கோலேந்தி அனைவரையும் இயக்குவார். 1912-இல் பிலடெல்பியா குழுவின் தலைமையை ஏற்ற ஸ்டொகோவ்ஸ்கி, வயலின் வாசிப்போர் யாவரும் வில்லை ஒரே திசையில் இழுக்கும் வழக்கத்தைத் தளர்த்தினார். இடைவிடாது ஒழுகும் செழுமையான நாதம் அக்குழுவின் அடையாளமாயிற்று. நியூயார்க்கில் டாஸ்கானினியோ, இயற்றியவர் எழுதியவாறே இசைத்தல் வேண்டும் எனக் கண்டிப்புக் காட்டினார். தலைவர்தம் உள்ளமே குழுவின் ஒலியாகிறது என்பதற்கு இவை சான்றுகள்.

நம் இசையரங்கில் தனி நடத்துநர் இல்லை, பாடகரே தலைவர். அவர் தொடையில் தட்டும் தாளமே கோல். நயினாப் பிள்ளை அத்தலைமையை அரியதொரு தேர்வாக ஆக்கிக்கொண்டார். இரண்டொரு பக்கவாத்தியங்களுடன் பாடுவதே பெருவழக்கு. அவரோ வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங், டோலக், கொன்னக்கோல் எனப் பலவற்றையும் ஒரே மேடையில் அமர்த்தினார். நீதிபதிகள் பலர் கூடியமரும் அவையை ஒப்பிட்டு, மக்கள் அதனை 'புல்பெஞ்சு' கச்சேரி என வழங்கினர்.

இத்தனை முழக்கத்திற் பாட்டின் இனிமை மறையாதோ என்று ஐயுற்றோரும் இருந்தனர். அரிய தாளத்தில் அமைந்த பல்லவியில் ஒருவர் அரை அட்சரம் வழுவினும் கட்டுக்கோப்பு முழுதும் குலையும். தலைவரே தடுமாறினாலோ காப்பார் எவருமிலர். ஆயினும் அவர் கைத்தாளம் அசையாது நின்றது. பாவு இறுக்கமாக நின்றால் ஊடை எத்துணை விரைந்தோடினும் ஆடை சீர்கெடாது. அவர் தாளம் அத்தகைய பாவாயிற்று.

காஞ்சியில் ஆண்டுதோறும் தியாகராசர் விழாவை அவர் எடுத்து வந்தார். வீணை தனம்மாள் தம் பெயர்த்தி பிருந்தாவை அவரிடம் பயில அனுப்பினார். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவர்தம் தலைமாணாக்கருள் ஒருவர். 1919-இல் காஞ்சியிற் பிறந்த டி. கே. பட்டம்மாள், இளமையில் அவர் பாட்டைக் கேட்டு ஊக்கம் பெற்றார்; பெண்கள் பல்லவி பாடுதல் அரிதாயிருந்த காலத்தில் துணிந்து பாடிப் புகழெய்தினார். இம்மூவரும் பின்னாளிற் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றனர்.

1934-ஆம் ஆண்டில், 45 வயது நிறைவதற்கு முன்னரே நயினாப் பிள்ளை மறைந்தார். அவர் ஆண்டுகள் சிலவே. எனினும் அவர் பயிற்றிய தாள ஒழுங்கு மாணாக்கர்தம் பாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தது. பிறரை நடத்த விரும்புவோர் முதலில் தம்மை நடத்தப் பழகுதல் வேண்டும் என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.